காயலான்கடைக்கா, கொட்டகைக்கா? - ஒரு ஹெரால்டு காரின் வரலாறு

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய வீட்டுக் கொல்லையில் ஒரு கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாலு டயரிலும் காற்றில்லை. கோழி உள்ளே முட்டை வைக்கிறது. வேப்பஞ்சருகு கண்ணாடிக்குக் கீழே மக்கிக் கிடக்கிறது. கதவைத் தொட்டால் துரு கையோடு வருகிறது. வீட்டில் பெரியவர்கள் "தாத்தா வாங்கிய வண்டி" என்பார்கள், சின்னவர்கள் "பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்" என்பார்கள். யார் சொல்வது சரி?

பதில், அது என்ன வண்டி என்பதைப் பொறுத்தது. முன்பக்கம் மூக்கு நீட்டி, பின்பக்கம் சிறு சிறகு போல் வளைந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருந்தால் அவசரப்படக் கூடாது. காரணம் கொஞ்சம் பழைய கதை.

சுதந்திரத்துக்குப் பின் நெடுங்காலம் இந்தியாவில் கார் என்றால் மூன்று பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடரையும் ஃபியட்டையும் (பின்னாளில் பத்மினி) எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது பெயரைச் சொன்னால் இன்று பலர் விழிப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்களே விழிப்பதுதான் வேடிக்கை!

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியுடன் கூட்டாகத் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில், ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக இருந்தது. அதே சாலையில் 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்தால் பெரம்பலூர். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று போய் 1961-இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959-இல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளியான வண்டி, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. 948 சிசி இன்ஜின்.

இந்த வண்டியின் உடலமைப்புக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு முன்பு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அந்தக் காலத்தில் மற்றவர்களெல்லாம் சேஸிஸையும் பாடியையும் ஒன்றாகவே வார்த்தெடுக்கும் புது முறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காத ஸ்டாண்டர்டு, பழைய பாணியில் தனிச் சேஸிஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த பாகங்களை போல்ட்டில் முடுக்கியது. அன்று அது பின்னடைவு. அறுபது வருடம் கழித்து கொல்லையில் துருப்பிடித்து நிற்கும் ஹெரால்டுக்கோ அதுவே ஆயுள் ரேகை!

ஏன்? அம்பாசிடர் போன்ற ஒற்றைக்கட்டு வண்டியில் அடித்தளம் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று. ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு முழுக்கக் கரைந்திருந்தாலும் பயமில்லை, அது எடை தாங்கும் பாகம் அல்ல, கழற்றி மாற்றலாம். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் கவிழ்த்துத் திறக்கும் பானெட். அதைத் திறந்தாலே இன்ஜின், முன்சக்கரம், சேஸிஸின் முன்பாதி எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே பார்க்க வேண்டியது மேலே அல்ல, கீழே. நடுவில் ஓடும் இரட்டைச் சட்டமும், அதிலிருந்து இருபுறமும் நீளும் கைகளும்தான் ஹெரால்டின் உயிர். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் டங்கென்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது, பொதுக்கென்று உள்ளே போனால் துருதான் இருக்கிறது. மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாத இடமெல்லாம் பழைய டிங்கர் வைத்த பட்டி. நடுச்சட்டம் நின்று, பக்கக் கைகள் மட்டும் போயிருந்தால் நல்ல வெல்டிங் பட்டறைக்கு அது வேலையே இல்லை.

சென்னையில் கடல் உப்புக் காற்று வருடம் முழுக்கத் தின்னும். பெரம்பலூர் அரியலூர் சீமை வறண்ட உள்நாடு, அந்தத் தொல்லை குறைவு. இங்கே எதிரி ஐப்பசி கார்த்திகை மழையும், வண்டிக்கடியில் ஈரம் காயாத மண்ணும், இடுக்கில் அடையும் சருகும்தான். எனவே மேல்தகடு ஓரளவு நன்றாக இருந்து அடிப்பாகம் போயிருக்கும் வண்டிகள் இந்தப் பக்கம் சாத்தியம். நாலு செங்கல்மேல் தூக்கி வைத்திருந்த புண்ணியவானின் வண்டிக்குப் பாதி ஆயுள் கூடும்.

இன்ஜின் ஜாம் ஆகியிருக்கிறதே என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிச் சில நாள் பொறுத்தால் பல சமயம் இளகும். இளகாவிட்டாலும் 5 லட்சத்துக்கு மேல் ஹெரால்டுகள் தயாரானதால், இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. இங்கிலாந்து ஹெரால்டு கார்கள் எல்லாம் இரண்டு கதவு வண்டிகள். குடும்பம் குடும்பமாக ஏறும் நம் ஊருக்கு அது போதவில்லை. 1968-இல் சென்னைத் தொழிற்சாலை மார்க் 3 என்று நாலு கதவு ஹெரால்டைத் தானே செய்தது. உலகில் வேறெங்கும் அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. அதன் பின்கதவையோ அதன் கண்ணாடியையோ எந்த நாட்டிலும் ஆர்டர் போட முடியாது. செய்த தொழிற்சாலையும் இல்லை. 1972-இல் ஹெரால்டின் இடத்துக்கு கெஸல் வந்தது, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்து தோற்றது, 1988-இல் கதவை மூடினார்கள்.

ஆக, சந்தைக் கணக்கு ஒன்று சொல்கிறது, வரலாற்றுக் கணக்கு வேறொன்று சொல்கிறது. இரண்டு கதவு ஹெரால்டைச் சரிசெய்வது சுலபம், ஆனால் அதைப்போல உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. நாலு கதவு வண்டியைச் சரிசெய்வது கஷ்டம், செலவழித்த பணம் விற்றாலும் திரும்பாது, ஆனால் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தாங்களே உருமாற்றிய கார் அதுதான். கொல்லையில் நிற்பது நாலு கதவு என்றால் சேஸிஸ் முழுக்கப் போயிருந்தாலும் காயலான்கடைக்கு விடக் கூடாது. அது ஓடாவிட்டாலும், அதன் பின்கதவுகள் இன்னொரு வண்டியை ஓட வைக்கும்.

எல்லாத் துருவையும் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினால்தான் காப்பாற்றியதாக அர்த்தமா என்பது தனிக் கேள்வி. 1925-ஆம் வருட புகாட்டி ஒன்று சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரியில் 1936-இல் தள்ளப்பட்டது (சுங்கவரித் தகராறு என்று சொல்கிறார்கள்). 2009-இல் வெளியே எடுத்தபோது பாதி உடம்பு இல்லை. 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய கலிஃபோர்னியாவின் மல்லின் அருங்காட்சியகம் (2024-இல் மூடப்பட்டது) அதைத் துருவோடு அப்படியே காட்சிக்கு வைத்தது. புகாட்டி என்பதால் துருவுக்கும் மரியாதை, ஹெரால்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனாலும் தாத்தா காலத்துப் பெயின்ட் ஓர் இடத்திலாவது மிஞ்சியிருந்தால் அதை விட்டுவைப்பதே நல்லது. பெயின்ட் ஒருமுறைதான் அசல்.

சட்டமும் இப்போது ஓரளவு துணைக்கு வருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அடுத்த மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று எடுக்கலாம். ஹெரால்டு கார்கள் எல்லாமே வயதில் தேறிவிட்டன. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மாருதி வேன் இன்ஜினைத் தூக்கி ஹெரால்டில் மாட்டி "ஓடுதுல்ல" என்று பெருமைப்படும் மெக்கானிக் அண்ணன்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. புத்தகமும் கேட்பார்கள். இரும்பைவிடச் சீக்கிரம் அழிவது காகிதம்தான். 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம், ஆகவே அறுபதுகளில் இந்தப் பக்கம் வாங்கிய வண்டியின் பழைய பதிவைத் திருச்சியில்தான் தேட வேண்டும். எனவே ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதில் ஆர்.சி. இருந்து, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியின் தகட்டில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால், அன்றைக்கே கோழியை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடலாம்.