தீக்குச்சி நடித்த படம்



விடுமுறைக்கு ஆரம்பாக்கம் வந்த பேரப்பிள்ளைகள், ஏரிக்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று கைப்பேசியில் எடுக்கிறார்கள். வேகமாக ஓட்டினால் சிப்பிகள் தாமாகவே ஊர்கின்றன! 'ஸ்டாப் மோஷன்' என்றார்கள். புதுசு என்று நினைப்பு. நம் நாட்டில் இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1912இல் தாதாசாகேப் பால்கே லண்டன் போய்ப் படக்கலை கற்றுத் திரும்பினார். பயணச் செலவுக்கு ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களையே அடகு வைத்திருந்தார். சினிமாவை நம்பிப் பணம் போட ஆளில்லை. என்ன செய்தார் தெரியுமா? தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். விதை முளைத்துச் செடியாவதைத் திரையில் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. அவரை விதையைப் பஞ்சில் முளைக்க வைத்து, தினமும் அளந்து எழுதச் சொல்லி உங்களைப் படுத்தினேனே, அதே பாடம்தான்!

1915இல் தீக்குச்சிகளை நடிக்க வைத்து 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' எடுத்தார். தீக்குச்சிகளின் கும்மாளம் என்று சொல்லலாம். சம்பளம் கேட்காத நடிகர்கள். (சிவகாசியில் அப்போது தீப்பெட்டித் தொழில் தொடங்கவேயில்லை.) விநாடிக்கு 16 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 960 முறை கையால் நகர்த்த வேண்டும். கைப்பேசியில் பிசகினால் உடனே அழிக்கலாம். பிலிமைக் கழுவிப் பார்த்த பிறகே பிசகு தெரியும்.

உங்கள் பிள்ளைகளுக்கு விநாடிக்கு 10 படமே போதும். கைப்பேசி மட்டும் அசையக் கூடாது. இருபுறமும் செங்கல் முட்டுக் கொடுங்கள்.