பின்னால் நின்றவரை முன்னால் நிறுத்திய ரஹீம்

போன மாதம் வீட்டில் 'மைதான்' இந்திப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கிய கதை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமாக அஜய் தேவ்கன் நடித்திருக்கிறார். படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, ஜர்னைல் சிங் பின்னாடி நின்னு தடுக்கிறவர்தானே, அவர் எப்படி ஃபைனல்ல கோல் அடிச்சார்?" நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து நம் பழைய ஆட்களுக்காக எழுதுகிறேன்.

அறுபதுகளில் தென்காசியிலும் குற்றாலத்திலும் பந்து உதைத்தவர்களுக்கு இடங்களின் பெயர் மறந்திருக்காது. கோலி, இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு. அந்த ஐந்து பேர் ரைட் அவுட், ரைட் இன், சென்டர், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட். அவுட் ஆடுபவன் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டும். பந்து வந்ததும் மூலைவரை கொண்டுபோய்க் குறுக்கே தூக்கிப் போட வேண்டும். இன் ஆடுபவன் ஹாஃபிடம் வாங்கி முன்னால் கடத்த வேண்டும். சென்டர் கோல் முகத்தில் நின்று முடிக்க வேண்டும். இடம் மாறி ஓடினால் டிரில் மாஸ்டர் விசில் ஊதியே காதைச் செவிடாக்கிவிடுவார்.

ஆனால் சாரல் விழ ஆரம்பித்தால் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துப் பொதிமூட்டை மாதிரி கனத்துவிடும். ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டால் பாதித் தூரம்கூட வராது. ஆனி, ஆடியில் அவுட் ஆடுபவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இன் ஆடுகிற இருவர்தான் சேற்றில் உருட்டிக்கொண்டு போவார்கள். யார், எந்த இடத்தில் பந்தை வாங்க முடியும் என்பது மாறினால் மொத்த ஆட்டமும் மாறிவிடும் என்பதை எங்களுக்குக் குற்றாலத்துச் சாரல்தான் சொல்லிக்கொடுத்தது.

இந்த ஐந்து இடங்களையும் இந்தியாவில் யாரும் அப்படி ஆடியதில்லை என்று பெரியவர்கள் சொன்னது கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியைத்தான். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. வங்காளிகள் இவர்களுக்கு வைத்த பெயர் பஞ்சபாண்டவர். இதில் நமக்குப் பெருமை என்னவென்றால் ஐவருமே தென்னாட்டவர். சாலே கோட்டயத்துக்காரர், அப்போது செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ராஜ்யத்தோடுதானே இருந்தது, 1956 நவம்பரில்தானே நம்மிடம் வந்தது! 1949, 50, 51 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஈஸ்ட் பெங்காலுக்கே. வலக்கோடியில் வெங்கடேஷ், இடக்கோடியில் சாலே, உள்ளே அப்பாராவும் அகமது கானும், நடுவில் தன்ராஜ். ஒருவர் வாங்கும்போதே அடுத்தவர் எங்கே இருப்பார் என்று தெரியும். பழகிய நாதஸ்வர செட்டு மாதிரி.

உள்நாட்டில் அது போதுமானதாக இருந்தது, வெளியே போதவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. அந்த ஒரே கோலையும் அடித்தவர் அகமது கான். பூட்ஸ் இல்லாமல் ஆடியதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பூட்ஸ் ஒரு காரணம்தான். உலகம் அதற்குள் வேறு மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது என்பதே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

1925இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்தை வாங்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியார் மூன்று பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர் போதும் என்றாக்கினார்கள். ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம். கோல் குவிந்தது. அதைத் தடுக்க லண்டன் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் போன்றவர்கள் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து ஸ்டாப்பராக்கினார்கள். அவருக்கு ஒரே வேலை, எதிரணி சென்டர் ஃபார்வர்டை விட்டு நகராமல் நிற்பது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தப் பூட்டை யாராலும் எளிதில் திறக்க முடியவில்லை.

ஹங்கேரிக்காரர்கள் திறந்தார்கள். 1953 நவம்பரில் வெம்பிளியில் அவர்களுடைய 9ஆம் எண் ஆட்டக்காரர் ஹிடெக்குட்டி கோல் முகத்தில் நிற்காமல் நடு மைதானத்துக்கு இறங்கிவந்து பந்தை வாங்கினார். இங்கிலாந்து ஸ்டாப்பருக்குத் திண்டாட்டம். அவர் பின்னாலேயே போனால் கோல் முகம் காலி. போகாவிட்டால் அவரைக் கேட்க ஆளில்லை. ஹங்கேரி 6-3 என்று ஜெயித்தது, ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல். அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை, பந்தை வாங்குகிற இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். (அமெரிக்காவில் புட்பால் என்று கையால் எறிந்து ஆடுகிறார்களே, அதில் பந்தை வாங்குபவர்களுக்குப் பெயரே 'ரிசீவர்'. கோட்டோரமாக நீள ஓடி வாங்குபவர் ஒரு வகை, உள்ளே நின்று குறுக்கே வெட்டி வாங்குபவர் ஒரு வகை. நம்ம அவுட்டும் இன்னும்தான்!)

இதையெல்லாம் ஹைதராபாத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தவர் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஹைதராபாத் போலீஸ் அணியை வளர்த்தவர். ஹெல்சிங்கி அடி வாங்கியபோதும் அவர்தான் பயிற்சியாளர். நான்கு பேர் பின்னால், இரண்டு பேர் நடுவில், நான்கு பேர் முன்னால் என்கிற அமைப்பை, பிரேசில் 1958 உலகக் கோப்பையில் ஆடிக் காட்டுவதற்கு முன்பே அவர் கையாண்டார் என்பார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று, நாலாவது நம்ம கிட்டு. அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியாவிடம் தோற்றோம், ஆனால் இந்தத் தடவை 4-1. கடைசியில் நான்காம் இடம்.

இனி ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம், ஆனால் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தாயிற்று. தையல் போட்ட தலையோடு ஸ்டாப்பராக நின்று ஆட்டம் முழுக்கப் பந்தை முட்ட முடியாது. வேறு யாராக இருந்தாலும் ஜர்னைலை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைச் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! அருண் கோஷைத் தடுப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

அந்த முன்வரிசையைப் பாருங்கள். வலக்கோடியில் பி.கே. பானர்ஜி, இடப்பக்கம் பலராம், உள்ளே கேப்டன் சுனி கோஸ்வாமி. மூவரும் கால் வேலையில் கெட்டிக்காரர்கள். இடம் கிடைத்தால் போதும். அந்த இடத்தை உண்டாக்க ஒரு முரட்டு ஆள் நடுவில் வேண்டியிருந்தது. ஆசியாவிலேயே வலுவான தடுப்பாளர்களில் ஒருவர் கோல் முகத்தில் வந்து தோளைக் கொடுத்து நின்றால் எதிரணி பேக்குகள் அவரைத்தானே சுற்றி வளைப்பார்கள்? தடுக்கிறவன் மனசு தடுத்துப் பழகியவனுக்குத்தான் தெரியும் என்பதையும் ரஹீம் கணக்கில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அரையிறுதியில் தென்வியட்நாம் 2-2 என்று சமன் செய்த பிறகு சுனி அடித்து 3-2. அதில் சுனிக்கு இரண்டு, ஜர்னைலுக்கு ஒன்று.

செப்டம்பர் 4, இறுதியாட்டம், மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் ஊரே நம்மேல் கோபமாக இருந்தது. நம் தூதரகத்தையே தாக்கினார்கள். ஏறத்தாழ லட்சம் பேர் கூடிய மைதானத்தில் நம் ஆட்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல். 17ஆவது நிமிடத்தில் பி.கே. அடித்தார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் அடித்தார். முதல் ஆட்டத்தில் நமக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காத அதே கொரியா!

கடைசி ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஒன்று திருப்பினார்கள். மிச்ச நேரத்தைக் காத்தவர் கோலி பீட்டர் தங்கராஜ். காய்ச்சலில் முந்தைய ஆட்டங்களுக்கு வெளியே இருந்தவரை ரஹீம் இறுதியாட்டத்துக்கு இறக்கினார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் வளர்ந்த ஆட்டக்காரர் அவர். ஆரம்பத்தில் தங்கராஜ் ஆடியது சென்டர் ஃபார்வர்டு. ஆக அன்றைக்குப் பழைய ஃபார்வர்டு கோலைக் காத்தார், ஸ்டாப்பர் கோல் அடித்தார். பேரன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

ஜகார்த்தாவிலேயே ரஹீமுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1963 ஜூன் 11ஆம் தேதி காலமானார். ஜர்னைல் தம்முடைய ஸ்டாப்பர் இடத்துக்கே திரும்பிப் போய், பின்னாளில் இந்திய அணிக்குக் கேப்டனும் ஆனார். 1970 பாங்காக்கில் வெண்கலம் வந்தது. தங்கம் அதற்குப் பிறகு வரவில்லை.