ஈயின் சிறகடியில் ஒரு குருவானவர் கண்டது

நெய்க்குப் பேர்போன ராசிபுரத்தில் ஈயை விரட்டாத கை இல்லை. அதை உற்று நோக்கிய கண்களோ சிலவே. ஈக்குச் சிறகுகள் இரண்டுதான். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், குமிழ் முனையுடைய இரு சிறு காம்புகள் உள்ளன. இவற்றின் பயனை முதன்முதலில் சோதித்தறிந்தோருள் ஒருவர், இங்கிலாந்தில் அப்மின்ஸ்டர் சபையின் குருவானவராயிருந்த வில்லியம் டெர்ஹம். 1711, 1712ஆம் ஆண்டுகளில் அவர் ஆற்றிய பாயில் சொற்பொழிவுகள் 1713இல் நூலாக வெளிவந்தன. ஒரு காம்பை நீக்கினால் ஈ ஒருபுறம் சாய்ந்து பறந்து தரையில் விழும். இரண்டையும் நீக்கினால் நிலையின்றித் தடுமாறும் என்று அதில் எழுதினார். அக்காம்புகள் உடலைச் சமன்செய்யும் பாரங்கள் என்பது அவர் கொண்ட முடிவு.

1948இல் பிரிங்கிள் என்னும் ஆங்கில அறிஞர் அம்முடிவைத் திருத்தினார். காம்புகள் பாரங்கள் அல்ல, புலன் உறுப்புகள். சிறகு மேலெழும்போது அவை தாழ்ந்தும், அது தாழும்போது எழுந்தும் அதிர்கின்றன. உடல் திரும்புகையில் உண்டாகும் விசையை அவற்றின் அடிப்பகுதி உணர்ந்து அறிவிக்க, ஈ தன்னைத் திருத்திக்கொள்ளுகிறது. இவ்விசைவுக்கு மார்புக்கூட்டின் இணைப்பே காரணம் என்பதை 2015இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர் காட்டினர்.

டெர்ஹம் கண்டது நிலைத்தது, கருதியது மாறியது. படைப்பை எடுத்துக்காட்டிப் பிரசங்கிக்கும் நாம் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். விளக்கத்தின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், விளக்கம் திருந்தும் நாளில் சபையார் இடறிப்போவர்.