சிகிச்சை வீட்டுக்கு வந்த வழி

வளர்ந்து முடியாத மூளைக்குக் கருவிலோ, பிறப்பின்போதோ, குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ நேரும் சேதத்தால், உடலின் அசைவும் நிமிர்ந்திருக்கும் திறனும் ஆயுள் முழுவதும் குறைபடும் நிலை மூளை முடக்குவாதம் எனப்படும். லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல் இதற்குக் கடினமான பிரசவத்தைக் காரணமாகக் காட்டினார். பிரசவச் சிக்கலே கருவில் முன்பே தொடங்கிய கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897-இல் சிக்மண்ட் ஃபிராய்ட் மறுத்தெழுதினார். ஐரோப்பாவில் இந்த வாதம் நீண்டுகொண்டிருக்க, ஏழை நாடுகளில் மருத்துவம் பெறாத கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், மூளையைத் தாக்கும் மலேரியா ஆகிய தடுக்கக்கூடிய காரணங்களும் பிரசவச் சிக்கலோடு சேர்ந்து குழந்தைகளை முடக்கிவந்தன.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. தசை இறுகாமலும் மூட்டு கோணாமலும் காத்து, இருக்கவும் உண்ணவும் தன் எண்ணத்தைத் தெரிவிக்கவும் பழக்குவதே சிகிச்சை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் பெர்தா போபாத்தும் கணவர் கரேல் போபாத்தும் உருவாக்கிய முறை பெரிதும் பரவியது. அவர்கள் வழியில் வந்த நான்சி ஃபின்னி 1968-இல் பெற்றோருக்கென எழுதிய கையேடு, குழந்தையைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதுமே பயிற்சியாக வேண்டும் என்றது. ஆனால் குளியல் தொட்டியும் தள்ளுவண்டியும் உள்ள வீடே அந்நூலின் களம்.

இந்தியாவில் இவ்வறிவைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானோர் தாய்மார்களே என்பது தற்செயலன்று. மகளுக்கு ஏற்ற பள்ளி நாட்டில் கிடைக்காத மிது ஆலூர், இங்கிலாந்தில் சிறப்புக் கல்வி பயின்று திரும்பி, 1972-இல் பம்பாயில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1974-இலும், சென்னையில் பூனம் நடராஜன் முயற்சியால் 1985-இலும் அத்தகைய அமைப்புகள் எழுந்தன. சென்னை அமைப்பே பின்னாளில் வித்யாசாகர் எனப் பெயர் பெற்றது. இவை அனைத்தும் பெருநகரங்களில் இருந்தன. கழுத்து நிற்காத பிள்ளையை இடுப்பில் சுமந்து, பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து வாரந்தோறும் வருவது கிராமத்துக் குடும்பத்தால் இயலாத காரியம்.

இந்தத் தொலைவுக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. மெக்சிகோவின் சினலோவா மாநிலத்து மலையூரான அஹோயாவில், மாற்றுத்திறனாளிகளே நடத்திய புரோஹிமோ என்னும் மறுவாழ்வு மையம் 1981-இல் தோன்றியது. அதனோடு இணைந்து உழைத்த டேவிட் வெர்னர் 1987-இல் வெளியிட்ட படநூல், மரத்துண்டு, பழைய டயர் போன்ற கைக்கெட்டிய பொருள்களால் சாய்விருக்கையும் நடைக்கம்பிகளும் செய்யக் கற்றுக்கொடுத்தது. இலங்கையின் இயன்முறை மருத்துவர் பத்மணி மெண்டிஸ் உள்ளிட்டோர் எழுதி 1989-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட பயிற்சிக் கையேடும், வீட்டில் ஒருவரையே பயிற்சியாளராக்கியது. சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று பெயர் பெற்ற இம்முறை, நிபுணர்கள் அரிதான நாடுகளில் வேறெதுவும் எட்டாத குடும்பங்களை எட்டியது. அதன் பயனை மறுக்க முடியாது.

ஆயினும் வீட்டில் ஒருவர் என்று கையேடு பொதுவாகச் சொன்னது, நடைமுறையில் தாய் என்றே ஆனது. விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு ஒரு வேளை உணவூட்டவே நெடுநேரம் பிடிக்கும். அதோடு தசைநீட்டுப் பயிற்சியும், இருக்க வைக்கும் பயிற்சியும் அவள் நாளில் சேர்ந்தன. மருத்துவமனையில் ஊதியம் பெறும் வேலை, வீட்டு வாசலைத் தாண்டியதும் பாசமாகக் கணக்கிடப்பட்டது. சிக்கனத்தை எண்ணிய திட்டங்களுக்கு இது வசதியாகவும் இருந்தது.

இந்தியச் சட்டங்கள் இக்கணக்கை மெதுவாகவே திறந்தன. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தைக் கை கால் இயக்கக் குறைபாட்டுக்குள் அடக்கியது. பேச்சு, வலிப்பு, உணவூட்டல் சார்ந்த தேவைகள் அந்த வகைப்பாட்டில் தெரியவே இல்லை. தங்களுக்குப் பின் பிள்ளை யார் பொறுப்பில் என்ற பெற்றோரின் கவலைக்கு, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மாவட்ட அளவிலான குழு வழியே சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வகை செய்தது. 2016-இன் உரிமைச் சட்டமோ 24-ஆம் பிரிவில், மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையைக் குறிப்பிட்டது. அந்தத் தொகை மாற்றுத்திறனாளியின் பெயருக்கே உரியது. அதையும் அரசு தன் பொருளாதாரத் திறனின் எல்லைக்குள் வகுத்தால் போதும் என்று அதே பிரிவு கூறுகிறது.