கூடலூர் வழக்கும் யமுனாநகர் சந்தையும்

ஹரியானா கோதுமை வயல்களில் வரிசையாக நிற்கும் பாப்லர் மரங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அமெரிக்காவிலிருந்து வந்த மரம். குளிர்காலத்தில் இலை உதிர்ப்பதால் கோதுமைக்கு வெயில் தடைபடாது. 1980களில் விம்கோ நிறுவனம் தீக்குச்சிக்காக உழவர்களிடையே இதைப் பரப்பியது.

சந்தையை மாற்றியதோ நம்மூர் வழக்கு! நீலகிரி கூடலூர்க் காடுகளுக்காக 1995-இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், வடகிழக்கு மாநில மரங்கள் வெளியே செல்ல 12.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிளைவுட் ஆலைகள் வயல் மரத்தை நாடின, யமுனாநகர் செழித்தது.

அங்கே ஒரு விவசாயியிடம் பேசினேன். "ஏழு வருஷம் வளர்க்கிறது நான், விலை சொல்றது வியாபாரி" என்றார். 2000களின் தொடக்கத்தில் மரம் குவிந்து விலை சரிந்தபோது பலர் தோப்பை அழித்தார்கள். காடு பிழைக்க வேண்டுமானால் இவரும் பிழைக்கணுமே!