சமையலறைச் சுவருக்கு என்ன சாயம்? நிற அட்டையை விரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம்மவர்களிடையே இன்னும் விட்டுப்போகாத பழக்கம். வரவேற்பறைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் அதிகம் சிக்கல் வருவதில்லை. சமையலறையில்தான் வருகிறது. தரைக்கும் மேடைக்கும் கேபினட்டுக்கும் வெள்ளை, சாம்பல், மணல் நிறம் என்று அடக்கமாகப் போட்டிருப்பார்கள். சுவருக்கும் ஒரு வெளிர் நிறத்தை அடித்தால் பொருந்திவிடும் என்று நினைப்பார்கள். அடித்து முடித்தபின் பார்த்தால், சாம்பல் என்று வாங்கியது ஊதாவாகத் தெரியும். தந்த நிறம் என்று வாங்கியது அழுக்கு மஞ்சளாகத் தெரியும். இன்னும் சில வீடுகளில் நிறம் பொருந்தியிருக்கும், ஆனால் அடுத்த தீபாவளி வருவதற்குள் சாயம் கொப்பளித்து உரிந்துவிடும்.

பெரும்பாலும் இதில் சாயத்தின் குற்றம் எதுவும் இல்லை. நிற அட்டையைக் கடைசியில்தான் விரிக்க வேண்டும். அதற்கு முன் அறையில் மாறாமல் இருக்கப் போகும் பொருள்கள், விளக்கு, சுவர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

அடக்கமான நிறத்துக்கும் அடிநிறம் உண்டு

வெள்ளை, தந்தம், சந்தனம், சாம்பல் போன்ற நிறங்கள் தனித்துப் பார்க்கையில் நிறமே இல்லாதவை போல் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் மஞ்சளோ, சிவப்போ, பச்சையோ, நீலமோ சிறிதளவு கலந்திருக்கும். அதுதான் அடிநிறம். நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகவே தெரியும். துவைத்த வெள்ளை வேட்டிக்கும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புக்கும் துளி நீலம் போட்டார்கள். துணியிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் இலேசான மஞ்சளை நீலம் அடக்கிவிடுவதால், வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

உங்கள் சமையலறையின் அடிநிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். பகல் வெளிச்சத்தில் அதைத் தரை ஓட்டின் மேலும், மேடைக் கல்லின் மேலும், கேபினட் கதவின் மேலும் வைத்துப் பாருங்கள். அதுவரை வெறும் சாம்பலாகத் தெரிந்த ஓடு, தாளின் பக்கத்தில் நீலமாகவோ பச்சையாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாமான் வீடுகளின் பழைய மணல் நிற ஓடுகளில் இளஞ்சிவப்பு ஒளிந்திருப்பது உண்டு. அதன் பக்கத்தில் பச்சை கலந்த தந்த நிறத்தை அடித்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும்.

விதி எளிமையானது. அறையில் அதிக இடத்தைப் பிடித்திருக்கும் பொருளின் அடிநிறம் எதுவோ, அதே குடும்பத்தில் அதைவிட வெளிர்ந்த நிறத்தைச் சுவருக்கு எடுங்கள். ஓட்டை மாற்ற ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். சாயத்தை மாற்ற ஒரு தகரம் போதும். ஆகவே சாயம்தான் ஓட்டுக்கு இணங்கிப் போக வேண்டும்.

நம் சமையலறை விளக்கொளியில்தான் வேலை செய்கிறது

வெளிநாட்டு வீட்டு அலங்கார ஏடுகள் சன்னல் வெளிச்சத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. நம் நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக ஓடுகிறது. அதனால் பினாங்கில் காலை ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. சில மாதங்களில் ஏழரை மணிகூட ஆகிவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் காலைப் பசியாறலும் மதியச் சோறும் இருட்டிலேயே தயாராகிவிடும். இரவுச் சமையலும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். ஆக, சமையலறைச் சுவரை நாம் அதிக நேரம் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்தான்.

எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 3000 என்றால் மஞ்சள் ஒளி, 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பரவலாக இருப்பது 6500. இந்த ஒளியில் சந்தன நிறம் வெளிறிப் போகும், நீலச் சாம்பல் மருத்துவமனைச் சுவர் போல் ஆகிவிடும். அதே நீலச் சாம்பல் 4000 ஒளியில் அமைதியாகத் தெரியும். சுவர் நிறம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் மறுபடி சாயம் வாங்குவதற்கு முன் விளக்கை மாற்றிப் பாருங்கள்.

கடையில் பொருந்திய இரு நிறங்கள் வீட்டில் பொருந்தாமல் போவதற்கும் விளக்குதான் காரணம். எனவே நிற அட்டையைக் கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். மாதிரிக்குச் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி தடித்த அட்டையில் இரண்டு பூச்சு அடித்துக் காய விடுங்கள். அதை ஒரு நாள் அடுப்பருகிலும், மறுநாள் சன்னலுக்கு எதிரிலும் சாய்த்து வைத்து, காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் இரவிலும் பாருங்கள். சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும்.

சன்னல் எந்தத் திசையில்?

வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம், தெற்குப் பார்த்த அறைக்கு வெயில் என்பது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்ட கணக்கு. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஐந்தரை பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது கிழக்கையும் மேற்கையும்தான். கிழக்குச் சன்னலில் காலை வெயில் நேராக விழும். மேற்குச் சன்னலில் மாலை வெயில் எந்த நிறத்தையும் ஒரு படி மஞ்சளாக்கிக் காட்டும்.

தண்ணீர்மலை வட்டாரத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கே பினாங்கு மலை நிற்பதால் அடிவாரத்து வீடுகளில் வெயில் சீக்கிரம் விலகிவிடும். மரங்கள் சூழ்ந்த வீட்டில் சன்னல் வழியே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். அத்தகைய சமையலறைக்குப் பச்சை அடிநிறம் வேண்டாம். இலேசான மஞ்சளோ சிவப்போ கலந்த வெள்ளை நல்லது.

சில நிற அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். அது, விழும் ஒளியில் சுவர் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு. கறுப்பு 0, தூய வெள்ளை 100. சன்னல் சிறிதாக உள்ள அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு 70க்கு மேல் உள்ளதை எடுங்கள். வெளிச்சம் தாராளமாக இருந்தால் 55, 60 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் அரிசியில் கல் பொறுக்கவே கூடுதல் விளக்கு தேவைப்படும்.

பழைய கடைவீடா? சுவரைக் கேளுங்கள்

ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய கடைவீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு அவற்றில் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்து வெளியேறும். அந்தச் சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்வது இதைத்தான்.

அதன் மேல் இன்றைய பிளாஸ்டிக் சாயத்தை அடித்தால் வழி அடைபடும். ஈரம் உள்ளே தேங்கும், உப்புப் பூக்கும், சாயம் கொப்பளித்துத் தாள் தாளாக உரியும். நாளடைவில் சாந்தே பொடியாக உதிரத் தொடங்கும். இப்படிப்பட்ட வீட்டில் எவ்வளவு விலை கொடுத்து நிறம் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. சோதிக்க ஒரு வழி: சுவரில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டால் சுவர் திறந்திருக்கிறது. முத்து முத்தாக வழிந்தால் மேலே பிளாஸ்டிக் சாயம் இருக்கிறது.

இந்தச் சுவர்களுக்கு உரியது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை அடிக்க வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடும். ஈரமாக இருக்கையில் மங்கலாகத் தெரிந்து, காய்ந்தபின்தான் வெளுக்கும். நிறத்தை அதுவரை முடிவு செய்யக் கூடாது. காவி, மஞ்சள் மண் போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பில் நிலைக்கும். பல செயற்கை நிறங்கள் அதன் காரத்தில் மங்கிவிடும்.

சுண்ணாம்பில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் வராது என்று நினைப்பவர்கள் லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சீயின் நீல மாளிகையைப் பார்க்கலாம். 38 அறைகள் கொண்ட அந்த மாளிகையின் புகழ்பெற்ற நீலம், சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்ததுதான். அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்தது. சீரமைப்புக்காக 2000ஆம் ஆண்டில் அந்த மாளிகை யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது.

பாரம்பரிய வட்டாரத்தில் வீட்டின் முகப்பிலோ வெளிச்சுவரிலோ கை வைப்பதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் உள்சுவருக்கும் வீட்டுக்காரரின் ஒப்புதலை வாங்கிக்கொள்வது நல்லது.

தாளிப்பும் மஞ்சளும்

நம் சமையலில் எண்ணெய் தெறிக்கும், மஞ்சள் தெறிக்கும். பளபளப்பே இல்லாத சாயம் பார்வைக்கு அழகு, ஆனால் துடைத்தால் தடம் விழும். சமையலறைச் சுவருக்கு இலேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய வகை நல்லது. மேல்தளத்துக்குப் பளபளப்பு இல்லாத வெள்ளை போதும். அடுப்புக்குப் பின்னால் எந்தச் சாயமும் நீண்ட நாள் தாங்காது. அங்கே ஓடோ கண்ணாடியோ துருப்பிடிக்காத எஃகுத் தகடோ வைத்துவிடுங்கள்.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இது இன்னும் முக்கியம். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்பது நமக்குத் தெரியும்: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. சாம்பார் தெறித்த சுண்ணாம்புச் சுவரிலும் அதுவே நடக்கும்.

அடிப்பதற்கு முன்

பினாங்கில் மழை அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் தொடங்கினால் காயாத சுவரின் மேல் அடுத்த பூச்சை அடிக்க நேரும். முடிந்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சுவரை நன்றாகக் காய விடுங்கள். பூஞ்சை படிந்த இடத்தில் வெளுப்புத் திரவத்தைத் தண்ணீர் கலந்து தடவி, சன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். அதை வேறு எந்தக் கழுவு திரவத்துடனும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பூஞ்சையை மூடி அடித்தால் அது சாயத்தைத் துளைத்துக்கொண்டு திரும்பி வரும். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவருக்குக் குறைந்தது நான்கு வாரம் விட்டு, காரம் தாங்கும் அடிப்பூச்சு அடித்த பிறகே சாயம்.

பழைய தோட்டத்துப் பலகை வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அடித்த எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா வீட்டுச் சாயங்களில் அதை 1978இலேயே தடை செய்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அத்தகைய பலகையை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

எத்தனை லிட்டர்?

பத்தடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரமுள்ள சமையலறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 324 சதுர அடி, அதாவது சுமார் 30 சதுர மீட்டர். கதவு, சன்னல், ஓடு, கேபினட் மறைக்கும் இடத்துக்கு 12 மீட்டரைக் கழித்தால் மீதி 18. இரண்டு பூச்சுக்கு 36. ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர்வரை வரும் என்று கொண்டால், மூன்று முதல் மூன்றரை லிட்டருக்குச் சற்று அதிகம். ஐந்து லிட்டர் தகரம் ஒன்றே போதும். மீதியைப் பின்னர் கறை மறைக்க வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் கலக்கும் நிறம் ஒரு தடவைக்கு மறு தடவை சற்றே மாறக்கூடும். எனவே வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். நிற எண்ணைத் தகரத்திலிருந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறம்

நீலச் சாம்பல் தரை, வெள்ளை கேபினட் என்றால் சுவருக்கு இலேசான சாம்பல் கலந்த வெள்ளை, விளக்கு 4000. இளஞ்சிவப்பு ஒளிந்த மணல் ஓட்டுக்கு அதே சிவப்புச் சாயலுள்ள தந்த நிறம். தேக்கு நிறக் கேபினட்டுக்கு இலேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, வெளிச்சம் நிறைய இருந்தால் சாம்பல் பச்சை. எல்லாமே வெள்ளையாக இருந்தால் ஒரு சுவருக்கு மட்டும் மஞ்சள் மண் நிறத்தை வெளிறக் கலந்து அடிக்கலாம்.

நமக்குப் பிடித்த மயில் நீலத்தையும் மாம்பழ மஞ்சளையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சாமி மாடத்தின் உட்புறத்துக்கோ, பாத்திரம் அடுக்கும் தட்டின் பின்புறத்துக்கோ, பின்வாசல் கதவுக்கோ அடியுங்கள். சிறிய இடம் என்பதால் சலித்துப் போனால் அரை லிட்டரில் மாற்றிவிடலாம்.