கறவை மந்தையைச் சினைக்கு ஆயத்தப்படுத்துதல்: ஒரு வரலாறு

பசு பால் தர வேண்டுமானால் அது முதலில் கன்று ஈன வேண்டும். எனவே பால் பண்ணையின் வரவு செலவு முழுவதும் மாடு உரிய காலத்தில் சினை பிடிப்பதைப் பொறுத்தே அமைகிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று கிடைக்க வேண்டுமெனில், கன்று ஈன்ற 85 நாட்களுக்குள் அது மீண்டும் சினைப்பட வேண்டும். பசு சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். ஒரு பருவம் கவனிக்கப்படாமல் போனால் 21 நாள் தீவனச் செலவு வீணாகும். செயற்கைக் கருவூட்டல், உறைவிந்து, பருவ ஒருங்கிணைப்பு ஆகிய முறைகள் இந்தக் கணக்கை நேர்செய்யும் முயற்சியில் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தவை.

பொலிகாளைக் காலம்

தமிழகக் கிராமங்களில் பசுக்களை ஊர்ப் பொலிகாளையிடமோ கோவில் காளையிடமோ சேர்ப்பது நெடுநாள் வழக்கம். நல்ல காளையைத் தேர்ந்தெடுத்து இனத்தைப் பேணும் அறிவும் இங்கு இருந்தது. காங்கயம் இனத்தின் வளர்ச்சியில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் இயற்கை முறையில் ஒரு காளை ஆண்டுக்குச் சில பத்துப் பசுக்களையே சினைப்படுத்த முடியும். நோயுற்ற காளை ஒன்று ஊரிலுள்ள பசுக்கள் பலவற்றுக்குக் கருச்சிதைவு நோய்களைப் பரப்பிவிடும். ஐரோப்பியப் பண்ணைகள் மாற்று வழியைத் தேடியதற்கு இந்த நோய்ப் பரவலும் முக்கியக் காரணமாகும்.

முதல் முயற்சிகள்

1780ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் லாசரோ ஸ்பல்லான்சானி ஒரு பெண் நாய்க்குச் செயற்கை முறையில் விந்து செலுத்தினார். 62 நாட்கள் கழித்து அது மூன்று குட்டிகளை ஈன்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் இலியா இவானோவ் குதிரை, மாடு முதலியவற்றில் இம்முறையைப் பண்ணை அளவில் கையாண்டு, பலருக்குப் பயிற்சியும் அளித்தார்.

இதை உழவர்களின் கூட்டு முயற்சியாக்கியது டென்மார்க். 1936இல் சாம்சோ தீவில் எடுவர்ட் சோரன்சன் முன்னின்று கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார். முதல் ஆண்டிலேயே 1,070 பசுக்கள் அதில் சேர்க்கப்பட்டன. தனியாக நல்ல காளை வாங்க வசதியில்லாத சிறு உழவரும் அதன் கன்றைப் பெற முடிந்ததே இச்சங்கத்தின் சிறப்பு. இதைப் பார்த்துச் சென்ற ஈனோஸ் பெர்ரி 1938இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இதுபோன்ற சங்கத்தைத் தொடங்கினார்.

இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் இம்முறையைத் தொடங்கி வைத்தார். அங்கு ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் காளையின் விந்து செலுத்தப்பட்டது. 1942இல் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பட்டாச்சார்யா தலைமையில் முறையான ஆய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டே அலகாபாத் வேளாண் நிறுவனத்தில் செயற்கைக் கருவூட்டல் மூலம் எருமைக் கன்று பிறந்தது.

உறைவிந்தின் வரவு

தொடக்கத்தில் விந்தைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலவில்லை. அமெரிக்காவில் பிலிப்ஸ், லார்டி ஆகியோர் முட்டை மஞ்சள்கரு சேர்த்து அதன் ஆயுளைச் சற்று நீட்டினர். பெரிய திருப்பம் 1949இல் இங்கிலாந்தில் ஏற்பட்டது. குப்பிகளின் பெயர்ச்சீட்டு மாறிப்போனதால் ஒரு சோதனையில் கிளிசரின் கலந்துவிட்டது. கிளிசரின் கலந்த விந்தணுக்கள் உறைந்து உருகிய பின்னும் உயிரோடு இருந்தன. கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர் இதன் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். முதலில் கோழி விந்தில் கண்ட இவ்வழி விரைவில் மாட்டுக்கும் வந்தது; 1951இல் உறைவிந்தில் பிறந்த கன்று பற்றிய செய்தி வெளியாயிற்று.

பின்னர் மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜன் பயன்பாட்டுக்கு வந்தது. இதனால் விந்தைப் பல ஆண்டுகள் சேமிக்கவும், இறந்துபோன காளையின் கன்றைப் பெறவும் வழி பிறந்தது. விந்தை அடைக்கும் குச்சிக்கும் ஒரு கதை உண்டு. முதலில் ஓட்ஸ் பயிரின் தாளைப் பயன்படுத்திய சோரன்சன், தம் மகளின் பிறந்தநாள் விழாவில் சிறுவர்கள் உறிஞ்சுகுழலால் பானம் பருகுவதைக் கண்டு, தமக்கு வேண்டியது அதுவே என உணர்ந்தார். இன்று கால்நடை மருந்தகங்களில் உள்ள 0.25 மில்லி குச்சியில் சுமார் இரண்டு கோடி விந்தணுக்கள் அடங்கியுள்ளன. தமிழகத்தில் உதகமண்டலம், ஈச்சங்கோட்டை, ஓசூர் ஆகிய இடங்களில் அரசு உறைவிந்து நிலையங்கள் இயங்குகின்றன.

பருவத்தைக் கண்டறிதல்

காளை அருகில் இல்லாததால் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. பசு பருவத்திற்கு வந்ததைக் காளை மோப்பத்தால் அறிந்துகொள்ளும். செயற்கை முறையில் அவ்வேலை மனிதரைச் சேர்ந்தது. பசு அடிக்கடி கத்துதல், தீவனம் குறைத்தல், பால் குறைதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல், மற்ற மாடுகள் தன்மேல் தாவும்போது அசையாமல் நிற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். எருமையில் இவை வெளியே தெரியாத ஊமைப் பருவமும் உண்டு.

1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் செய்த ஆய்வுகளிலிருந்து இன்றும் பின்பற்றப்படும் எளிய விதி உருவானது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். கருமுட்டை பருவம் முடிந்த பிறகே வெளியேறுவதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது.

பருவத்தை ஒருங்கிணைத்தல்

நியூசிலாந்தில் வசந்த காலத்துப் புல்லை நம்பியே பால் தொழில் நடக்கிறது. அங்கு மந்தை முழுவதும் சில வாரங்களுக்குள் சினைப்பட வேண்டும். அதனால் வால் அடியில் சாயம் பூசி, அது தேய்ந்திருந்தால் பருவம் என்று அறியும் வழக்கம் அங்கு பரவியது. பிறப்புறுப்பினுள் வைக்கும் புரோஜெஸ்டிரான் சாதனமும் 1980களில் அந்நாட்டிலேயே உருவானது.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி பசுவைச் சில நாட்களில் பருவத்திற்குக் கொண்டுவரும் என்பது 1972இல் வெளியான ஆய்வுகளால் உறுதியானது. 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி முன்னேறினர். கருமுட்டை வெளியேறத் தூண்டும் ஊசி, ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மீண்டும் முதல் ஊசி என்பது அவர்கள் வகுத்த வரிசை. அதன்பின் பருவ அறிகுறிக்குக் காத்திராமல் குறித்த நேரத்தில் கருவூட்டலாம்.

இருப்பினும் உடல் மெலிந்த பசுவிலும், ஈன்ற பின் கருப்பை தேறாத பசுவிலும் ஊசிகள் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. ஆகவே கருவூட்டலுக்குப் பல வாரங்கள் முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருப்பைப் பரிசோதனை ஆகியவை இதில் அடங்கும். கன்று ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துவைப்பதும் அவசியம்.

நாட்டினங்களும் எதிர்காலமும்

ஒரே காளையின் விந்தை ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செலுத்த முடிந்ததால் ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்கள் வேகமாகப் பெருகின. பால் வளம் உயர்ந்தது. டிராக்டரின் வரவால் உழவு வேலையும் குறைந்ததால், ஆலம்பாடி போன்ற நாட்டினங்கள் அருகின. அதே தொழில்நுட்பம் இன்று காங்கயம், உம்பளச்சேரி இனங்களின் விந்தைச் சேமிக்கவும் உதவுகிறது. 2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் திட்டம் நாட்டினப் பாதுகாப்பையும் தன் நோக்கமாகக் கொண்டது.

பெண் கன்றுக்கான விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் 4 விழுக்காடு கூடுதலாக உள்ளது. இந்த வேறுபாட்டைக் கொண்டு பாலினம் பிரித்த விந்தும் தயாரிக்கப்படுகிறது. அதன் விலை அதிகம். சினைப்பிடிப்போ வழக்கமான விந்தைவிடச் சற்றுக் குறைவு. எனவே சரியான நேரத்தில் போடாவிட்டால் உழவருக்கு இழப்பும் கூடும். இரண்டு மூன்று மாடுகள் வைத்திருக்கும் வீடுகளில் அந்த நேரத்தை முதலில் அறிபவர்கள் பெரும்பாலும் தீவனம் வைத்து, சாணம் அள்ளி, பால் கறக்கும் பெண்களே. மருந்தகங்கள் நடத்தும் சினைப்பருவப் பயிற்சிகளில் அவர்களைத் தவறாமல் சேர்த்துக்கொள்வது சினைப்பிடிப்பை உயர்த்தும் செலவு குறைந்த வழியாகும்.